அழகுமுத்து அறுத்த சீல்

அழகுமுத்து ஓட்டிய லொறியில் பதின்மூன்று வருஷமாக வழியில் ஒரு சீல் அறுந்ததில்லை. அட்டனில் நூர்தீன் முதலாளியின் கடையில் அரிசி மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய்ப் படங்கால் மூடி, கயிற்று முடிச்சில் ஈயச் சீலை அழுத்திவிட்டால், அப்புறம் டயகமத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் கிளாக்கர் கையால்தான் அது அறும். இதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இருக்கட்டுமே, வேறென்ன இருந்தது அந்த மனுஷனுக்கு?

சீல் முழுசாக இருந்தால் தோட்டம் சுமையை இறக்கியே ஆகவேண்டும். அறுந்து வந்தால் ஒரு மூட்டையையும் தொடாமல் திருப்பிவிட வேண்டும். டிரைவர் பேர் களவுக் கேஸாகப் பொலிசுக்குப் போகும். சட்டம் அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பாதி வழியில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினான். பின்பலகை இடுக்கில் மஞ்சளாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு மோந்து பார்த்தான். புல்லு மருந்து!

வியாழக்கிழமை வேறொரு தோட்டத்துக்குப் புல்லைக் கருக்குகிற மருந்துப் பீப்பாய்களை ஏற்றிப்போனான். ஒன்று ஒழுகிவிட்டது. "பலகையத் தேச்சுக் கழுவினியா?" என்று முதலாளி கேட்டார். "கழுவிட்டேன் மொதலாளி" என்றான். பச்சைப் பொய். பின்பலகையைத் திறந்து லொறியை மழையில் விட்டிருந்தான். மலைநாட்டில் எந்த லொறிக்காரன்தான் அப்படிச் செய்யவில்லை? இந்தப் பேய்மழை கழுவாததை நம் கையா கழுவிவிடும் என்ற சோம்பேறித்தனம். மழையோ மருந்தைப் பலகைக்குள் ஊறவைத்துவிட்டது. அதன்மேல்தான் இப்போது அறுபது மூட்டை அரிசி.

வாயை மூடிக்கொண்டால் போதும், சீல் அவனைக் காப்பாற்றிவிடும். மிச்ச வழி முழுவதும் அந்த நினைப்பு அவனை விடவில்லை. வெட்கமாக இருந்தது.

ஸ்டோர் வாசலில் அரிசி வாங்கத் தோட்டத்துச் சனம் சாக்கும் கையுமாக வரிசையில் நின்றது. மூன்றாவது ஆளாக அவன் தங்கச்சி ராசம்மா. அண்ணனைக் கண்டதும் சிரித்தாள்.

கிளாக்கர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் இல்லை. சீலைப் புரட்டிப் பார்த்து, "சரியாக் கிடக்குது. இறக்கச் சொல்லும்" என்றார்.

"ஐயா, எறக்காதீங்க. அடியில புல்லு மருந்து ஊறியிருக்கு. என் தப்புத்தாங்க."

அவர் குனிந்து மோந்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"தோட்டத்துத் துரையைக் கேப்பமெண்டா, அவர் திங்கக்கிழமைதான் வருவார். சீலோட வந்ததை நான் என்னெண்டு திருப்புறது? கீழ் மூட்டையளை ஒதுக்கி வைப்பம்."

"எறக்கிக் குவிச்சா நல்லது எது, கெட்டது எதுன்னு யாருங்க பாக்கப்போறா?"

"சீல் சரியாக் கிடக்குதே, அழகுமுத்து. சட்டம் அதைத்தானே கேக்குது?" அவர் குரல் கெஞ்சியது. ஆட்கள் பின்பலகைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

அழகுமுத்து அவர்களை விலக்கினான். கயிற்றைப் பிடித்து, ஈயச் சீலை முறுக்கி ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்துக் கிளாக்கர் கையில் வைத்தான்.

"இப்ப திருப்புங்க ஐயா."

அம்பலவாணர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "களவெண்டெல்லே எழுத வேணும்..."

"எழுதுங்க."

எழுதினார். அழகுமுத்து கையெழுத்துப் போட்டான். அவன் சொன்னது வரிசைக்குக் கேட்கவில்லை. அவன் செய்தது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. "அடப் பாவி! எங்க அரிசியிலயாடா கைவச்ச? நாசமாப் போவ!" என்று காளியாயிக் கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். நான் களவெடுக்கவில்லை என்று, கழுவாமல் மழையை நம்பியவன் எந்த வாயால் சொல்வான்?

லொறியில் ஏறும்போது ராசம்மா ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நெசமாவே எடுத்தியாண்ணே?" என்று அவன் கையைப் பற்றினாள். பற்றியவள் சட்டென்று அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு திரும்பி, சொட்டிக்கொண்டிருந்த பின்பலகையைப் பார்த்தாள்.

வெறும் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவன் சீட்டில் வைத்தாள்.

"வழியில தின்னு" என்றாள். "கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத் தின்னுண்ணே."