ஏழாவது தளத்துக்கு ஒரு வரிக் குறிப்பு

1

இது கதையாகப் பிறக்கவில்லை, பட்டியலாகப் பிறந்தது. எங்கள் சங்கத்தின் செய்தி மடலைப் பார்த்துக்கொள்ளும் இளம் வக்கீல் அம்மாள் திங்கட்கிழமை போன் செய்தார். ‘மத்தியஸ்தர்களுக்கும் வக்கீல்களுக்கும் பயனுள்ள இணையதளங்கள், வலைப்பூக்கள்’ என்று ஒரு பக்கம் வேண்டுமாம். பத்துத் தளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்பு, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள். முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து பிழைத்தவன் நான். இப்போது வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஒன்பது தளங்களுக்கு எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஏழாவதற்கு நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று வெள்ளி, மணி பதினொன்று. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரிதான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஏழாவது தளத்தை நடத்துபவர் என் நெருங்கிய

அதற்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. இரண்டாவது தொடக்கம்:

‘அனுபவம் வாய்ந்த மத்தியஸ்தர் ஒருவரின் வாராந்தரக் குறிப்புகள். எளிய நடை. எவருக்கும்

பொய்யில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் என்னோடு ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்தவனைப் பற்றி இப்படி எழுதினால் இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மற்ற தளங்களில் சிலவற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பயன் கருதி வந்த வக்கீல்கள் கோபித்துக்கொள்வார்கள். முதலாவது, தீர்ப்புகளைத் தேடித் தரும் தளம். எதிர்த்தரப்பு வக்கீலும் அதில்தான் தேடுகிறார் என்பதை மறக்க வேண்டாம். மூன்றாவது, மாதிரி ஒப்பந்தங்கள் கிடைக்கும் தளம். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அதிலிருந்து இறக்கிய படிவத்தில் பெயர்களை மாற்ற மறந்து, ‘முதல் கட்சிக்காரர்’, ‘இரண்டாம் கட்சிக்காரர்’ என்ற இருவருக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். அவர்கள் இன்றுவரை மேல்முறையீடு செய்யவில்லை. ஐந்தாவது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ‘பேசாமல் இருப்பது எப்படி’ என்பதைப் பற்றி நடத்தும் வலைப்பூ. ஏழு பதிவுகள், ஏழும் காலி. நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது, காணொளியில் சமரசம் பேசக் கற்றுத் தரும் தளம். அதைப் பார்த்துக் கற்ற ஒருவர் ஒரு தம்பதிக்கு மூன்று மணி நேரம் சமரசம் பேசிய பிறகுதான், இருவரும் ஒரே வீட்டின் பக்கத்துப் பக்கத்து அறைகளில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுவர்க் கடிகாரம் இரண்டு பேர் பின்னாலும் ஒரே சமயத்தில் அடித்ததாம். பத்தாவது என்னுடைய வலைப்பூ, ‘மூன்றாவது நாற்காலி’. வெட்கப்பட்டால் யார் படிப்பார்கள்?

3

ஏழாவது தளத்தின் பெயர் ‘இடைவழி’. அதை நடத்துகிறவனை நாங்கள் தாடி என்று கூப்பிடுவோம். அவனுக்குத் தாடி கிடையாது, தினம் சவரம் செய்கிறவன். ஆனால் யோசிக்கும்போது இல்லாத தாடியை நீவிவிட்டுக்கொள்வான். அவன் நீவுகிற அழகில் கட்சிக்காரர்களுக்கே அந்தத் தாடி தெரியத் தொடங்கியது. ‘வெள்ளைத் தாடிக்காரர் நியாயமாகப் பேசினார்’ என்று ஒரு பெண்மணி நன்றிக் கடிதமே எழுதினார். [இது உண்மை. கடிதம் என்னிடம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.]

தாடியும் நானும் சேர்ந்து நடத்திய அலுவலகம் இரண்டாவது மாடியில். ஒரு கோடியில் ஒரு அறை, மறு கோடியில் இன்னொரு அறை, நடுவில் பதினோரு அடி நீளத்துக்கு ஒரு இடைவழி. அதில் ஒரு முக்காலி, முக்காலி மேல் கெட்டில், இரண்டு கோப்பை. சேர்ந்து உட்கார்ந்தால் அடித்துக்கொள்ளும் கட்சிக்காரர்களை ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மாறி மாறி நடப்போம். ஒரே ஒரு விதி. ஓர் அறையில் கேட்டதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் அடுத்த அறையில் சொல்லக் கூடாது. அதனால் எழுந்து வரும்போதெல்லாம் கேட்போம்: “இங்க சொன்னதுல எதை அந்த ரூமுக்கு எடுத்துட்டுப் போகலாம்?” அவர்கள் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு நடப்போம். எங்கள் தொழில் அவ்வளவுதான். மீதியெல்லாம் டீ.

தாடியும் நானும் பேசி ஒன்பது வருஷமாகிறது. பிரிந்த மறு வருஷம் அவன் ‘இடைவழி’யைத் தொடங்கினான். வியாழன்தோறும் ஒரு பதிவு. ‘இடைவழியில் நடக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்’ என்று ஒரு வாரம். ‘தண்ணீர் கொதிக்கும் வரை நில்லுங்கள், சொல்ல நினைத்ததில் பாதி தேவையில்லை என்று தெரியும்’ என்று ஒரு வாரம். எல்லாம் புதிய மத்தியஸ்தர்களுக்கு எழுதியதுதான். எனக்கென்னவோ ஒவ்வொன்றும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுதியதாகவே படும். பதிவின் அடியில் ‘இன்று வந்தவர்கள்’ என்று ஒரு எண் இருக்கும். காலையில் பார்த்தால் ஒன்று, மாலையில் பார்த்தாலும் ஒன்று. அந்த ஒன்று நான்.

இப்போது ஐந்து வாரமாகப் பதிவு இல்லை.

4

நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று நீங்கள் கேட்பீர்கள். கெட்டிலால்தான். உள்ளே உப்புப் படிந்து அது ரயில் மாதிரிக் கூவத் தொடங்கியது. யார் சுரண்டிக் கழுவுவது என்பதில் பேச்சு முற்றிவிட்டது.*

* பொய். கெட்டிலைக் கழுவியது எப்போதும் தாடிதான். அதில் எங்களுக்குள் தகராறே இருந்ததில்லை.

சரி, காரணம் மின்விசிறி. அவனுக்கு நாலாம் எண் வேகத்தில் ஓட வேண்டும், எனக்கு இரண்டில். அதனால் இருபத்தாறு வருஷமும் அது மூன்றில் ஓடியது. இருவருக்கும் பிடிக்காத காற்றில் உட்கார்ந்து*

* இதுவும் வேண்டாம். காற்று உண்மை, காரணம் பொய்.

ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தப் பாத்திரத்தின் மீது சந்தேகம் வரலாம். எனக்கு இந்த ‘நான்’ மீதுதான் சந்தேகமாக இருக்கிறது. ஆள் சரியாகப் பேசுகிறான், சிரிக்க வைக்கிறான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தனி அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, சும்மா இருக்க வேண்டும். நானும் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

5

வந்துவிட்டேன். ஒரு கோப்பைக்கு நீர் வைத்தால் கெட்டில் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

என் வலைப்பூவிலும் அந்த எண் உண்டு. அதிலும் தினம் ஒன்றுதான், அதுவும் நான்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காய்ச்சலில் கிடந்தேன், கணினியைத் தொடவில்லை. மறுநாள் பார்த்தால் வியாழக்கிழமைக்கு நேராக ஒன்று என்று இருந்தது. அடுத்த வியாழனும் வேண்டுமென்றே திறக்கவில்லை. அன்றும் ஒன்று. அதிலிருந்து வியாழக்கிழமை என் வலைப்பூவுக்கு நான் போவதில்லை. அந்த நாளை அவனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன். தன் பக்கத்தில் பதிவைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை எழுத மாட்டான். நானும் அங்கே எழுதியதில்லை. இருவரும் மத்தியஸ்தர்கள், யார் முதலில் பேசினால் யாருக்கு நஷ்டம் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த ஐந்து வாரமும் வியாழக்கிழமை ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் பதிவு நின்றாலும் ஆள் நன்றாக இருக்கிறான் என்று இருந்தேன். நேற்று செய்தி மடல் அம்மாள், பட்டியல் என்னாச்சு என்று கேட்கப் போன் செய்தபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ஒருத்தர் தவறாமல் வருகிறார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“ஒருத்தரா? சார், அது ஆளா இருக்காது. தேடுற மெஷின் சார், ரோபோ. எல்லா சைட்டுக்கும் தானா வந்து பார்த்துட்டுப் போகும்.”

“வியாழக்கிழமை மட்டுமா?”

“மத்த நாள்ல நீங்க திறக்குறதையும் அதையும் சேர்த்து ஒண்ணுன்னு காட்டுதோ என்னவோ. ஆள் எண்ணுற பழைய கவுண்டர் சார், அதை நம்பாதீங்க.”

தாடி எப்படியிருக்கிறான், ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் புதிது, யார் சார் தாடி என்று கேட்டார். சொன்னேன். சங்கத்து முகவரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதாம். மடல் தபாலில் போகிறது, திரும்பி வரவில்லை என்றார். திரும்பி வராததையெல்லாம் யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அது எனக்குத் தொழிலில் தெரிந்தது.

போன் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். எண் இருக்கிறது. அடித்தால் யாராவது எடுப்பார்கள். அந்த யாராவதுதான் என் பயம்.

6

ஆமை.

இதைச் சொல்லாமல் அந்த ஒரு வரி வராது என்று தெரிகிறது. கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர், பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்த அவர் மனைவி. முப்பத்தொரு வருஷ வாழ்க்கையைப் பிரித்துக்கொள்ள எங்களிடம் வந்தார்கள். வீடு, பாத்திரம், பிள்ளைகள் படம் எல்லாம் ஒரு நாளில் பிரிந்தன. ஆமை மட்டும் பிரியவில்லை. வளர்ப்பு ஆமை, துணி துவைக்கும் தொட்டியில் இருந்தது. பிரிந்திருந்த எட்டு மாதமும் இரண்டு வாரம் இவரிடம், இரண்டு வாரம் அவரிடம் என்று போய்வந்தது. இருவருமே முழுதாக வேண்டும் என்றார்கள். [ஆமைக்குப் பெயர் உண்டு. சொல்ல மாட்டேன். அதுவும் இரகசியத்தில் அடக்கம்.]

நாலாவது நாள் கணவரின் அறையில் தாடியும் நானும் இருந்தோம். அவர் ரொம்ப நேரம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“எனக்கு ஆமை வேண்டாம் சார். ஆனா வேண்டாம்னு சொல்லிட்டா, சாப்பிட்டுதா, என்ன போட்டீங்கன்னு கேட்டு அவ போன் பண்ண மாட்டா. அதுக்குத்தான் புடிச்சுட்டு இருக்கேன். இதை அங்க சொல்லிடாதீங்க.”

எதை எடுத்துப் போகலாம் என்று தாடி முறைப்படி கேட்டான். எதையும் வேண்டாம் என்றார். தாடி அவரோடு உட்கார்ந்துவிட்டான், நான் எழுந்து நடந்தேன்.

அது என்னுடைய ஆயிரமாவது சமரசம். சங்கத்தில் சான்றிதழ் அச்சாகிச் சட்டம் போட்டே வந்துவிட்டது, மறுநாள் தேதியோடு. கெட்டில் பக்கத்தில் நான் நிற்கவில்லை. மனைவியின் அறைக்குள் போய் உட்கார்ந்து, அவருக்கு ஆமை வேண்டாமாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை இரகசியமாகக் காப்பாற்றினேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அப்படியா,” என்றார். “அப்ப இனிமே அவருக்குப் போன் பண்றதுக்கு ஒண்ணுமில்ல. எங்க கையெழுத்துப் போடணும்?”

பேனாவை நான்தான் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது தாடி இடைவழியில் நின்று கெட்டிலில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“என்னய்யா எடுத்துட்டுப் போன உள்ள?”

“ஒண்ணுமில்ல.”

அவன் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த தாளைப் பார்த்தான். தாடியை நீவவில்லை. கெட்டிலைக் கீழே வைத்தான். தன் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

“பொய் சொல்ற ரெண்டு பேருக்கு நடுவுல நாம உட்காரலாம்யா. நமக்கு நடுவுல யாரு உட்காருறது?”

படி இறங்கிவிட்டான். கணவர் அந்த அறையிலேயே அலுவலகம் மூடும் வரை உட்கார்ந்திருந்தார். அவரிடம் கையெழுத்து வாங்கியதும் நான்தான். ஆமைகள் நூறு வருஷம் இருக்குமாம். அது இப்போதும் ஏதோ ஒரு தொட்டியில் கீரை தின்றுகொண்டிருக்கும். சாப்பிட்டதா என்று அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

சான்றிதழ் எனக்கு எதிரே சுவரில் இருக்கிறது. கண்ணாடியில் என் கணினித் திரை தெரிகிறது, வரிகள் இடவலம் மாறி.

7

மணி நாலே கால். முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: போன் செய்கிறேன், அவனே எடுக்கிறான். “கெட்டில் இன்னும் கூவுதாய்யா?” என்கிறான். இதை மூன்று முறை படித்தேன். ரொம்ப நன்றாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

இரண்டாவது முடிவு: செய்தி மடல் அம்மாள் மறுபடி அழைக்கிறார். தாடியிடமும் இதே பட்டியலைக் கேட்டிருந்தாராம். அவனும் பத்துத் தளம் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் குறிப்பு எழுதாமல் விட்டிருக்கிறானாம், ‘மூன்றாவது நாற்காலி’க்கு. [இது நான் கட்டியது. அந்த அம்மாள் அழைக்கவில்லை. அழைப்பார் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தது மட்டும் நிஜம்.]

மூன்றாவது முடிவு: ‘இடைவழி வலைப்பூவை எட்டு ஆண்டுகள் நடத்திவந்த

இதை முடிக்க மாட்டேன்.

நாலே முக்காலுக்கு வரி வந்துவிட்டது. அனுப்பியும் விட்டேன். அச்சில் இப்படி இருக்கும்:

‘7. இடைவழி. மத்தியஸ்தர் செய்யக் கூடாதது எது என்று அறிந்தவர் எழுதுவது. அதைச் செய்தவன் வாரந்தோறும் படிக்கிறான்.’

ஒரு வரிக்கு இரண்டு வாக்கியமாகிவிட்டது. அந்த அம்மாள் ஒன்றை வெட்டிவிடலாம். எதை வெட்டுவார் என்று தெரியாது. அதனால்தான் உங்களிடம் முழுதாகச் சொல்லிவைத்தேன்.

இவ்வளவு நேரம் என் அறையில் உட்கார்ந்திருந்தீர்கள். இடையிடையே நான் பொய் சொன்னதையும் பொறுத்துக்கொண்டீர்கள், நல்ல மத்தியஸ்தருக்கு அது வேண்டும். இப்போது எழுந்து போகப் போகிறீர்கள். போகும் முன் முறைப்படி என்னைக் கேட்க வேண்டும், எதை அந்த அறைக்கு எடுத்துப் போகலாம் என்று. கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

கெட்டில், மின்விசிறி எல்லாம் இங்கேயே இருக்கட்டும். நான் பாதியை எடுத்துப் போனதைச் சொல்லலாம். எதற்காக என்பதையும் சொல்லலாம், ஒரு சட்டம் போட்ட தாளுக்காக என்று. அன்று அவன் கேட்டதற்கு ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னது பொய் என்பதை, அவனுக்குத் தெரியும் என்றாலும், நான் சொன்னதாகச் சொல்லலாம். வியாழக்கிழமை வருவது மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த நாளை அவனுக்கே விட்டுவைப்பேன் என்றும் சொல்லுங்கள்.

அந்தக் கதவைத் திறக்க ஆள் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அது உங்கள் நடை. ஒன்று மட்டும். முழுதாகக் கொண்டுபோக முடியாவிட்டால் பாதியைக் கொண்டுபோகாதீர்கள். அப்படியே திரும்பி வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன், இரண்டு கோப்பைக்கு நீர் வைத்துக்கொண்டு.