கிரேன்மேனின் மூன்று முதுகுகள்

துலுக்காணத்தின் இடுப்பில் கிளம்பும் வலி பின்தொடை வழியாக இறங்கி, முழங்காலைத் தாண்டியதும் வலியாகக்கூட இருக்காது. இடது கால் வெறும் கட்டையாக மரத்துப் போய்விடும். சித்தூர் வெல்லமண்டியில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கிய உடம்பு, பதினோரு நாளாகப் பாயில் மல்லாந்து கிடந்தது.

கிடக்கிற மனுஷனுக்குப் பொழுது போகவேண்டுமே என்று, திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் அக்ஷயா, தன் பழைய செல்போனில் மூன்று படம் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றும் கிரேன்மேன் படம். துறைமுகத்தில் பெட்டி தூக்குகிற கூலிக்காரன் ஒருவன் மேல் கிரேன் அறுந்து விழுகிறது. அதன் பலம் முழுக்க அவன் முதுகில் இறங்கிவிடுகிறது. ஹீரோ சுமை தூக்குகிறவன் என்று தெரிந்ததும் துலுக்காணம் தலையணையை இரண்டாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டான்.

முதல் படம் தெலுங்கு டப்பிங், இரண்டாவது தமிழ், மூன்றாவது மறுபடியும் தெலுங்கு. ஒன்றின் தொடர்ச்சி இன்னொன்று என்று நினைத்து வரிசையாகப் பார்த்தான். குழப்பம் அங்கேதான் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பாகாலா வழி பாசஞ்சரில் வந்த மகள் பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டான்.

"ஏம்மா, இவன் கூட்டாளி எத்தினி தபா சாவான்?"

"யாரு நைனா?"

"கிரேன்மேன்கூட பொட்டி தூக்கறானே, அந்தக் குள்ளன். மொத படத்துல வில்லன் சுட்டுட்டான். ரெண்டாவதுல ஆளையே காணோம். மூணாவதுல குத்துக்கல்லாட்டம் ஒக்காந்து பன்னு துன்னுகினு கீறான். செத்தவன் எப்பிடி எழுந்து வந்தான்?"

பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்த அக்ஷயா சிரித்ததில் வாயில் இருந்த தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது. "ஐயோ நைனா, அது பாகம் பாகமா எடுத்தது இல்ல. மூணு டைரக்டரு, மூணு ஹீரோ. காமிக்ஸ் புக்கு ஒண்ணு கீது. அத்த வெச்சிகினு ஆளாளுக்கு அவனவன் இஷ்டத்துக்கு எடுத்துக்கினாங்க."

"ஓ! அதான் தூக்கறதும் அவனவன் இஷ்டத்துக்குத் தூக்கறானுங்களா?"

இதற்காகத்தான் காத்திருந்தவன் போலப் போனை எடுத்துக் காட்டினான். முதல் படத்துக்காரன் முதுகை வில்லாக வளைத்து, கையை நீட்டிப் பெட்டியை எடுக்கிறான். "இப்பிடித் தூக்கினா மறுநாளு என் பக்கத்துல பாயி போட்டுக்கணும்." இரண்டாமவன் தொடுவதே இல்லை, முறைத்துப் பார்க்கிறான், பெட்டி தானாக எழும்புகிறது. "இவன் கூலிக்காரன் இல்ல, மேஸ்திரி." மூன்றாமவன் மட்டும் குந்தி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டபடி தொடை பலத்தில் எழுகிறான். அந்த ஐந்து நொடியைத் துலுக்காணம் இருபது முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பான். "யாரோ மண்டி ஆளப் பாத்துக் கத்துக்கினு கீறான்."

"சரி, புக்குல எப்பிடி? குள்ளன் சாவறானா, பொழைக்கறானா?"

அக்ஷயாவுக்கும் அது தெரியாது. சினேகிதி ஒருத்தியிடம் கேட்டு அந்தக் காமிக்ஸை அப்போதே போனில் வரவழைத்தாள். இங்கிலீஷில் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு சண்டையில் கிரேன்மேனின் முதுகு பழுதாகிவிடுகிறது. பலம் வருகிறது, போகிறது. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறான். அடுக்கின் மேலே நின்று பெட்டியை வாங்கும்போது அவன் கால் மடங்குகிறது. பெட்டி கீழே நின்ற குள்ளன் கழுத்தில் விழுகிறது.

"வில்லன் இன்னா பண்றான்?"

"அந்த எடத்துல வில்லனே இல்ல நைனா."

துலுக்காணம் கூரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "காசு குடுத்து உள்ள வர்றவன், தப்பு ஹீரோ மேலன்னா ஒத்துப்பானா? அதான் ஒருத்தன் பழிய வில்லன் தலைல போட்டுட்டான். ஒருத்தன் ஆளையே தூக்கிட்டான். ஒருத்தன் பொழைக்க வெச்சிட்டான். மூணு பேரும் அந்த எடத்தத் தாண்டிக் குதிச்சிட்டானுங்க."

அக்ஷயா சுவரில் மாட்டியிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் எடுத்தது. எலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்காதே என்று டாக்டர் சொன்னபோது அவளும் கூட இருந்தாள்.

"ரமணா சித்தப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"பிடிப்புன்னு சொல்லிக்கீறேன்."

"நாளைக்கு வேலைக்குப் போறேன்னியே?"

மண்டி கோடவுனில் மூட்டையைப் பன்னிரண்டு வரிசை அடுக்குவார்கள். மேலே நின்று வாங்குகிறவன் துலுக்காணம், கீழிருந்து ஏற்றிக் கொடுக்கிறவன் ரமணா. ஒன்பது வருஷ ஜோடி. இடுப்பு போனது தெரிந்தால் மேஸ்திரி அவனை மேலே ஏற்றமாட்டார்; கீழேயும் வேலை இல்லை. நாற்பத்தாறு வயதில் வேறு எந்த வேலையும் அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் ரமணா மசால்வடைப் பொட்டலத்தோடு வந்தான். வலது தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான். "ஏமண்ணா, ராஜா மாதிரி படுத்துகினு கீற! நாளைக்கு வந்துடுவியா? ஒன் மூட்டையும் என் மூட்டையும் தூக்கித் தூக்கி என் தோளு ரெண்டும் எறங்கிப் போச்சு."

மண்டி வழக்கம் அது. ஒருவன் விழுந்தால் அவன் பங்குச் சுமையை ஜோடிக்காரன் தூக்குவான். கூலி விழுந்தவன் வீட்டுக்கே போகும். எழுந்து வந்தவன் அத்தனை நாளுக்கும் பதிலுக்குத் தூக்கித் தரவேண்டும். இதைப் பணத்தால் தீர்க்கும் பழக்கம் கிடையாது.

துலுக்காணம் போனை நீட்டினான். "மொதல்ல இதப் பாரு. மூணுல எவன் ஒசத்தி சொல்லு."

ரமணா வடையைக் கடித்தபடி பார்த்தான். "ரெண்டாவது ஆளு சூப்பர்! ஒடம்பு நோவாத வேலை. அந்த மாதிரி கண்ணு எனக்கு இருந்தா மண்டியையே காலி பண்ணிடுவேன்."

"புக்குல வேற மாதிரி கீதாம்." துலுக்காணம் கதையைச் சொன்னான். கால் மடங்கியது, கழுத்து, எல்லாம்.

"தூ! அவன்லாம் ஒரு ஹீரோவா? முடியலன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு அவனுக்கு?"

அக்ஷயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். துலுக்காணம் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான். அதற்கே நெற்றி வியர்த்தது.

"பிடிப்பு இல்ல ரமணா. நரம்பு. எடது காலு மரத்துப் போவுது. படுக்கறதுக்கு முன்னால மூணு நாளு அந்தக் காலோடதான் மேல நின்னேன்."

ரமணா மெல்லுவதை நிறுத்தினான். அவன் கை தன் பிடரிக்குப் போனது.

"மூணு நாளு நான் கீழ நின்னுகினு இருந்தேன்." அண்ணா என்ற வார்த்தை அதில் இல்லை. "என் பையன் ஒண்ணாவது படிக்கறான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நின்ன."

கடித்த வடையைக் காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பாமலே பேசினான். "நாளைக்கு வராத. சாக்கு வாய் தைக்கற எடத்துல ஆளு கேட்டாங்க, பாதிக் கூலிதான். மேஸ்திரிகிட்ட நான் பேசறேன். மேல மட்டும் இனிமே ஏறாத."

"ரமணா, பதிலுக்கு நான் தூக்கணுமே?"

"எத்த வெச்சி தூக்குவ?"

ரமணா போய்விட்டான். ரமணாவுக்குத் துலுக்காணம் தூக்கித் தரவேண்டிய பதினோரு நாள் மூட்டை அப்படியே பாக்கி நிற்கிறது.