நாலு கோடு போதும்

அக்கா, முதல்ல ஒண்ணு, எனக்கு வேலை போகல. அதை அம்மாகிட்ட சொல்லிட்டு மீதியைக் கேளு.

நான் வேலை செய்யற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பத்தொன்பது பேர். இப்ப ஊருக்கு அந்தக் கோடியில இன்னொரு கூடம் திறக்கறாங்க. யாரை அங்க அனுப்பறதுன்னு பார்க்க ஒரு லேப்டாப் மேடம் வந்து ஆளுக்கொரு பேப்பர் குடுத்தாங்க. யாரோட சேர்ந்தா உங்களுக்கு வேலை ஓடும், பேர் எழுதுங்கன்னு. வேலை நேரத்துல யார்கூட அரட்டைன்னு பிடிக்கத்தான் கேக்கறாங்கன்னு பயந்து நான் வெறும் பேப்பரைக் குடுத்துட்டேன்.

மறுநாள் செவுத்துல படம். ஆளுக்கொரு புள்ளி. ரெண்டு பேரும் ஒருத்தர் பேரை ஒருத்தர் எழுதியிருந்தா நடுவுல கோடு. என் மடிக்கிற மேசையில மத்த அஞ்சு பேருக்கும் ஒருத்தர் விடாம ஒருத்தரோட ஒருத்தர் கோடு. அவங்க ஒரு கூட்டம், பிரிக்க மாட்டாங்க. நான் மூலையில ஒத்தப் புள்ளி. ஒத்தப் புள்ளியெல்லாம் புதுக் கூடத்துக்கு. எனக்கு இந்த ஊர் பாஷை அரைகுறைக்கா. அந்த மேசை இல்லன்னா மெஷின்ல என்ன எழுதியிருக்குன்னு கூடத் தெரியாது.

எங்க மேசையில துணித் தூசிக்கு ஓயாம தும்முவாங்களே, தும்மலக்கா, அவங்க பிடிச்சுக்கிட்டாங்க. "நான் உன் பேரை எழுதினேன், நீ ஏண்டி எழுதல?"

"பயமா இருந்துச்சுக்கா."

"பயப்பட நீ என்ன பேங்க்கையா கொள்ளையடிச்ச?" மேடம்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. ஒருத்திக்கு மட்டும் தர முடியாதுன்னு எல்லாருக்கும் மறுபடி பேப்பர். நான் அஞ்சு பேரையும் எழுதினேன்.

புதுப் படத்துல எனக்கு நாலு கோடு. இல்லாத கோடு, அந்த அஞ்சு பேர்ல என் ரூம்ல இருக்கறவளோடது.

மேடம் சொன்னாங்க, "எல்லாரோடயும் கோடு இருக்கறதுதான் கூட்டம்னா நீ வெளிய. ஒண்ணு குறைஞ்சா பரவாயில்லன்னா உள்ள."

"எது சரி மேடம்?"

"எதுக்காகப் பார்க்கறோமோ அதைப் பொறுத்தது."

"வேலை ஓடத்தானே பார்க்கறீங்க?"ன்னாங்க தும்மலக்கா. "இந்த நாலு கோட்டுலதான் இத்தனை நாள் ஓடுச்சு."

 மேடம் கூட்டத்தைச் சுத்திப் போட்ட வட்டத்தை அழிச்சு, என்னையும் சேர்த்துப் போட்டாங்க.

பஸ்ல ரூம்காரி கேட்டா, "கோவமா?"

"ஏன் எழுதல?"

"வீட்டுல யார் வேணும்னு கேட்டிருந்தா உன் பேர்தான் முதல்ல. அவங்க கேட்டது வேலைக்கு. நீ ஒரு பெட்ஷீட் மடிக்கறதுக்குள்ள நான் மூணு மடிச்சிடறேன்."

உண்மைதான்க்கா. ஆனா இன்னிக்கு அதை அவகிட்ட ஒத்துக்க மனசு வரல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.