பேச்சு முடியட்டும்

பெரியப்பாவைப் பற்றிய ஆவணப்படத்தின் முன்னோட்டம் வெளிவந்த வாரம் கத்திரிக்குப் போன் எடுத்து மாளவில்லை. பெரியப்பா என்றால் சொந்தப் பெரியப்பா இல்லை, நாட்டுக்கே பெரியப்பா. மேடை ஏறியதும் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, "நான் படிக்காதவன், உங்க வீட்டுப் பெரியப்பா" என்று ஆரம்பிக்கிற மனிதர். பாதி ஜனம் அவர் படத்தை வீட்டில் மாட்டியிருந்தது. மீதி ஜனம் அவர் பெயரைக் கேட்டாலே வாய்க்கு வந்தபடி திட்டியது. குடிசைக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான், கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டவரும் அவர்தான். இப்பேர்ப்பட்ட ஆளை நல்லவர் என்றும் சொல்லாமல் கெட்டவர் என்றும் சொல்லாமல் உள்ளது உள்ளபடி காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு சின்ன வயது டைரக்டர் கிளம்பினாள். எடிட்டிங் கத்திரியின் தலையில் வந்து விழுந்தது.

கத்திரி என்பது பட்டப்பெயர். கெஞ்சிக் கூத்தாடினாலும் வெட்டி எறிந்த காட்சியைத் திரும்ப ஒட்டித் தரமாட்டார், அதனால் வந்த பெயர். ஐம்பதைத் தாண்டியவர், முன்கோபக்காரர், வாயும் கொஞ்சம் நீளம். அவருக்குப் பெரியப்பாவைக் கண்டாலே ஆகாது. வீட்டிலோ மனைவியின் தம்பி பெரியப்பா பக்தன். மச்சானும் மச்சானும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு எத்தனையோ காலமாகிறது. "இவ்வளவு ஜனம் எதைக் கண்டுதான் இந்தாள் பின்னாடி ஓடுதோ" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் படத்தை வெட்டி முடித்தார்.

அந்தக் கேள்விக்கு முன்னோட்டத்தில் ஒரு முகம் பதில் சொன்னது. பெரியப்பா மேடையில் குரலைத் தாழ்த்தி, "ஊர் அழுக்கைத் துவைக்கிற கைக்கு இந்த நாட்டுல யாராவது மரியாதை கொடுத்தானா? நான் கொடுத்தேன்" என்கிறார். உடனே கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு பெண். நடுத்தர வயது. கண்ணீர் வழிகிறது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் மேடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைத்தான் பேசினார்கள். சுவரொட்டியிலும் பெரியப்பாவைவிட அவள்தான் பெரிதாக இருந்தாள்.

அந்த முகம் ஒரு நாள் முற்பகலில் படியேறி நேரே கத்திரியின் எடிட்டிங் கூடத்தில் வந்து நின்றது. கூடவே அவள் புருஷன். பஸ் பணிமனையில் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கத்திரி நாற்காலியை இழுத்துப் போட்டதும் அந்த மனிதர் மனைவிக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டுத் தள்ளி இருந்ததில் போய் உட்கார்ந்தார். அவளை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுச் சண்டையைத் தூக்கிக்கொண்டு எதற்கு இங்கே வந்திருக்கிறார்கள் என்று கத்திரிக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

அவள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலையாம். அவர்களுக்கு ஒரே பையன். மைக் செட் போடுகிறவன். போன வருஷம் அந்தக் கூட்டத்துக்கு அவன்தான் மைக் செட். பெரியப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்பீக்கர் கரகரவென்று இழுத்திருக்கிறது. சரிபண்ணக் கம்பத்தில் ஏறியவன் ஷாக் அடித்து மேடைக்குப் பின்னால் விழுந்தான். கூட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. பேச்சு முடிந்து, மாலை போட்டு, படம் பிடித்து எல்லாம் ஆன பிறகுதான் ஆம்புலன்ஸே வந்ததாம், அதற்குள் பையன் போய்விட்டான். மறுவாரம் பெரியப்பா வீடு தேடி வந்தார். அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். வாசலில் அதையும் கேமராக்காரர்கள் எடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. பல தடவை சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. கத்திரியின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"நான் அப்ப மேடைக்குப் பின்னாடி அவன்கூடத்தான் இருந்தேன். கீழ விழுந்தப்புறம்தான் அழுதேன். நீங்க அதை எடுத்து அந்தாள் பேச்சுல சேர்த்துட்டீங்க. இவர்கிட்ட அதைச் சொல்லுங்க சார்," என்றாள்.

புருஷன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "எம்புள்ள அங்க உயிருக்குத் துடிக்கிறப்ப இவ இங்க அந்தாள் பேச்சைக் கேட்டு அழுதுக்கிட்டு நின்னாளா இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். வேற எதுவும் வேணாம்."

சுவரொட்டி தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவர் மனைவியோடு பேசுவதில்லை. அவள் வைத்த சாப்பாட்டைத் தொடுவதில்லை. இதையும் அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

கத்திரிக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கூட்டத்து முகம் ஒன்றைச் சொருகுவது எடிட்டிங்கில் அன்றாடச் சோறு. அந்த முகம் அதே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. காலையில் அழுதவளைச் சாயங்காலப் பேச்சுக்கு அழ வைக்கலாம். இந்த முகத்தை அந்த இடத்தில் வைத்துக் கொடுத்தது டைரக்டர்தான், இவர் ஓரத்தை மட்டும் நறுக்கினார். வேறு எங்கிருந்தோ பிடுங்கி வைத்ததாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பியிருந்தார். அப்படியே சொன்னார். அந்த மனிதர் அசையவில்லை.

"வாயால எல்லாரும் சொல்றாங்க சார். பார்த்துட்டுச் சொல்லுங்க."

கத்திரி அவர்களை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு எடிட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கூட்டத்தின் ரஷ்ஷை, அதாவது வெட்டாமல் கொள்ளாமல் எடுத்தது எடுத்தபடி இருக்கும் பதிவை, தேடிப் பிடித்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினார்.

இரண்டாவது கேமரா மேடையோரமிருந்து கூட்டத்தை எடுத்திருந்தது. பெரியப்பாவின் குரல் இடைவெளியே இல்லாமல் கேட்டது. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பெண்களின் வேலையை நிரந்தரமாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் அழுக்கைத் துவைக்கிற கைக்கு என்றார். திரையில் அவள் முகம் உடைந்தது. அதே நேரம், அதே குரல். ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை. பெரியப்பா அவளைப் பற்றித்தான் பேசினார், அவள் அதற்காகத்தான் அழுதாள். இத்தனை நாள் கத்திரி கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அங்கே நின்று அழுதுகொண்டிருந்தது.

முன்னோட்டத்தில் அந்தக் காட்சி அங்கே முடிந்துவிடும். ரஷ்ஷில் முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தோளைத் தொட்டது. கை மட்டும்தான், ஆள் யாரென்று தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ சொல்லி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கை போய்விட்டது. பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் ஒன்று கரகரத்தது, பிறகு பட்டென்று நின்றது. பெரியப்பா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னோட சேர்ந்து கத்திக் கத்தி ஸ்பீக்கருக்கே தொண்டை கட்டிப்போச்சு பாருங்க" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கத்திரி ஹெட்போனைக் கழற்றி வைத்தார். ஸ்பீக்கர் ஏன் நின்றது என்று அவருக்கு இப்போது தெரியும். எத்தனையோ சாவுக் காட்சியை டீ குடித்துக்கொண்டே வெட்டியவர், மேஜையிலிருந்த டீயைத் தள்ளி வைத்தார்.

டைரக்டருக்குப் போன் போட்டு, ஒட்டினதென்று சொல்லிக் காட்சியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அவள் பதறிப்போனாள். "ஒட்டினதா? அண்ணே, என்ன பேசுறீங்க? அது ரெண்டாவது கேமராவில அப்பவே எடுத்தது. ஒட்டினதுன்னு வாய் தவறிச் சொல்லிடாதீங்க. நாளைக்கே பெரியப்பா ஆளுங்க மொத்தப் படமும் பொய்னு கிளப்பிடுவாங்க." அந்த முகத்தை எடுத்துவிட்டால் படத்தில் வெறும் திட்டுதான் மிஞ்சும் என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. கத்திரி சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு முன்னறைக்குப் போய், வாசற்படியிலேயே நின்று, "பார்த்துட்டேங்க. ஒட்டினதுதான்," என்றார். "இவங்க அழுதது எல்லாம் முடிஞ்சப்புறம் எடுத்தது. நாங்கதான் பேச்சு நடுவுல வெச்சுட்டோம். தப்பு எங்க மேல. படத்துலேர்ந்தும் எடுத்துடறேன்."

அந்த மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளை செத்தபோது அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததோ என்னவோ, பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து மனைவியின் பக்கத்தில் போய், "வா, வீட்டுக்குப் போலாம். பசிக்குது," என்றார். கீழே போய் வண்டியை எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் எழுந்தாள். ஆனால் போகவில்லை.

"அந்தக் கை அதுல இருக்கா?" என்று கேட்டாள்.

கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கை என்று சமாளித்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

"என் பையன் கை. சாப்பாட்டு டப்பா என்கிட்ட இருந்துச்சு. பசிக்குதும்மான்னு வந்தான். இருடா, அவர் பேசி முடிக்கட்டும்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல சார். நம்மளப் பத்தி ஒருத்தர் மேடையில பேசுறாரேன்னு ஒரு இது. இத்தனை வருஷத்துல யாரு பேசினா? சாப்பிடாமலே போய் ஏறிட்டான்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புருஷனுக்காக மட்டும்தான் அந்தப் பொய்யைக் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பிள்ளையைப் பறித்த அந்தக் கூட்டம் கட்டினவனையும் அவளுக்கு மிஞ்சவிடாமல் பார்த்ததே என்று நினைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை காட்டுங்க," என்றாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு ஓட்டினார். கை வந்து தோளில் பட்டதும், அவள் அதைத் தட்டிவிடுவதற்கு முன்பே, நிறுத்தினார். இதற்கப்புறம் என்ன என்று அவள் கேட்டாள். இதோடு ஷாட் முடிந்துவிட்டது என்றார். அன்றைக்கு அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. அந்தச் சிரிப்பை மட்டும் அவள் பார்க்கக் கூடாது.

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். தொடவில்லை. கீழேயிருந்து புருஷன் அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பல நாளைக்குப் பிறகு கூப்பிடுகிற குரல், அதில் கோபமே இல்லை.

"அவன் முகம் எங்கயாவது இருக்கா சார்? இவ்வளவு எடுத்திருக்கீங்களே. ஒரு ஓரத்துலயாவது?"

மற்றக் கேமராக்களின் ரஷ் முழுவதையும் கத்திரி படம் வெட்டுகிறபோதே பார்த்தவர். மைக் செட் பையனை எவன் எடுப்பான்?

"இல்லைம்மா. மத்த கேமரா எல்லாம் அவரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தது."

அவள் தலையை ஆட்டினாள்.

"நானும் அவரைத்தானே சார் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

புருஷன் மறுபடி கூப்பிட்டார். இதோ வரேன் என்று குரல் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் படியிறங்கிப் போனாள்.