ஊசி தொட்டது செல்லைத்தான்

கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டாள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். ஆனால் அன்று வந்த கோபத்தில் ஒரு துளிகூட அநியாயம் இல்லை.

புற்றுநோய் செல்லைத் தொட்டுப் பார்ப்பது அவள் வேலை. விரலால் அல்ல, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால். கண்ணுக்கே தெரியாத அந்த முனை செல்லை மெல்ல அழுத்தும்; எவ்வளவு குழிகிறது என்பதை வைத்து அது மிருதுவா, கெட்டியா என்று சொல்லிவிடலாம். மிருது என்றால் புற்று, கெட்டி என்றால் நல்ல செல் என்று கூடத்தின் தலைவர் ஊரெல்லாம் முழங்கிவிட்டார். தலைவர் வேறு யாருமில்லை, அவளை வளர்த்த பெரியப்பாதான். ஆனால் இங்கே அவர் 'சார்'.

ஒரு பெண்ணின் கட்டி வம்பு செய்தது. துண்டு எடுத்துச் சோதித்த பயாப்ஸி புற்று என்றது. ஊசியோ கெட்டி என்றது. சார் அந்தப் பெண்ணின் அளவுகளை முடிவுகளிலிருந்தே தூக்கிவிட்டார்.

"ஊசி ஆழமாப் போயிருக்கும்மா. அடியில இருக்கிற கண்ணாடித் தட்டைத் தொட்டிருக்கும்."

அப்படி நடப்பதுண்டு. செல் மெலிசாக இருந்து கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால், செல்லுக்குப் பதில் தட்டைத்தான் அளப்போம். பட்டாசும் ஆரம்பத்தில் அப்படி ஏமாந்தவள். அதனாலேயே இந்த முறை செல் தடித்திருக்கும் நடுப்பகுதியில், தொட்டும் தொடாமலும் மறுபடி அளந்தாள். அப்போதும் கெட்டிதான்.

"தட்டு இல்ல சார், செல்லேதான் கெட்டி."

"ஒரே ஒரு ஆளு! நாளைக்கு ஆஸ்பத்திரியில, ஊசி ஒரு தடவைகூட தப்பு பண்ணலன்னு சொல்லப்போறேன். அதுல கல்லைத் தூக்கிப் போடாத."

என்ன மனுஷன் இவர்! அவர் பேச்சை நம்பி ஆஸ்பத்திரி பயாப்ஸியை நிறுத்திவிட்டு ஊசியை வைத்துக்கொள்ளப் போகிறது. இப்படி ஒரு கட்டியோடு வருகிறவளிடம், ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். அவளும் நிம்மதியாகப் போவாள்.

"பெரியப்பா," என்றாள். கூடத்தில் ஒருநாளும் கேட்காத அந்தச் சொல்லில் அவர் நிமிர்ந்தார். "பெரியம்மாவுக்கு ஒரு கட்டின்னு வைங்க. ஊசி நல்ல செல்லுன்னு சொல்லுது. பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"வாயைக் கழுவு! அவளுக்கு எதுக்கு ஊசி? நேரா பயாப்ஸி பாக்கச் சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"அப்ப ஊசி யாருக்கு? கேக்க நாதியில்லாதவங்களுக்கா?"

அழித்த அளவுகளைப் பட்டாசு மறுபடி ஏற்றி, நாளைய பேச்சின் முதல் படமாகவே வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

"நீயே சொல்லிடும்மா," என்றார் மெல்ல. "எனக்கு வாய் வராது."

"தப்பே ஆகாதுன்னு சொல்ல மட்டும் வந்துச்சா?"