பலகையில் வந்த பெயர்

மடிக்கணினித் திரையில் 'கத்தரீனா' என்று அழகாக இருந்தது. தேக்கம் பலகையில் fj;juPdh என்று எரிந்திருந்தது.

மரத்தில் எழுத்தை எரித்துப் பொறிக்கும் லேசர் மெசினின் மூடியைத் தூக்கிய ஜெயனி தூக்கியபடியே நின்றாள். சுன்னாகத்தில் அவளுடைய பிறின்ரிங் கடைக்கு அந்த மெசின் வந்து ஒரு கிழமைதான். வெளியாருக்கென்று அதில் செய்யும் முதல் வேலை இது. நேற்று ஒரு காட்போட் மட்டையில் பொறித்துப் பார்த்தபோது இதே பெயர் பிசகில்லாமல் வந்ததே!

பிரகாஸ் எட்டிப் பார்த்தார். குருநகரிலிருந்து தன் புதுப் படகின் பெயர்ப்பலகையைத் தானே சீவி மினுக்கிக் கொண்டுவந்தவர்.

"தங்கச்சி, உது என்ன பாஷை?"

"அண்ணை... எனக்கும் விளங்கேல்லை."

"பின்னேரம் பாதர் படகை ஆசீர்வதிக்க வாறார். மனிசி தன்ரை பேரைக் காட்ட அக்காமாரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து நிப்பா. நான் உதை என்னெண்டு வாசிச்சுக் காட்ட?"

"வேறை பலகை இல்லையோ?"

"தேக்கு என்ன பூவரசங்கொப்பே, முறிச்சுக்கொண்டு வர? கிடந்தது உது ஒண்டுதான்."

ஜெயனி யோசித்துப் பார்த்தாள். நேற்றைக்கும் இன்றைக்கும் எது மாறியது? மெசின் அதே மெசின். பெயரும் அதே பெயர். ஆனால் நேற்று மடிக்கணினியையே மெசினில் கொழுவியிருந்தாள். இன்று கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்து கடைக் கணினியில் திறந்து அதிலிருந்து மெசினுக்கு அனுப்பினாள். பெயர் பலகைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்தாள், வாசிக்கவில்லை.

அவள் எடுத்தது பழைய தமிழ் எழுத்துரு. அதில் அடித்தால் கணினி 'க'வை ஞாபகம் வைப்பதில்லை, f என்ற சாவியைத்தான் வைக்கும். அந்த f மேல் 'க'வின் உருவத்தைப் போர்த்துவது எழுத்துருவின் வேலை. கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் வெறும் fதான் மிஞ்சியது. லேசருக்கோ வாசிக்கத் தெரியாது. கொடுத்த உருவத்தை எரித்துக்கொண்டு போகும்.

"f எண்டா க, j எண்டா த! அண்ணை, பேர் பிழையில்லை. உடுப்புத்தான் கழண்டு போச்சு!"

"ஐயோ பிள்ளை! உதை அவவுக்கு முன்னாலை சொல்லிப்போடாதை."

பொறிப்பின் ஆழத்தை ஜெயனி நகத்தால் தடவிப் பார்த்தாள். அரை மில்லிமீற்றர்கூட வராது. பக்கத்து மரவேலைக் கடையில் சீவுளி வாங்கிவந்து பிரகாஸே சீவினார். கறுத்த எழுத்துகள் சுருள் சுருளாகக் கழன்று விழுந்தன.

ஜெயனி மடிக்கணினியில் பெயரைத் தெரிவுசெய்து, எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றிச் சேமித்தாள். கடைக் கணினியில் திறந்து, பெருப்பித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்த பிறகே பொத்தானை அழுத்தினாள். பலகையில் 'கத்தரீனா' என்று வந்தது. வழி இதுதான்: இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக முன்னம் எழுத்தைக் கோடாக மாற்றிவிட வேண்டும், கோட்டுக்கு எழுத்துரு தேவையில்லை.