வெர்னா வாசிக்கும் ஆறு எண்கள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனையில், பணம் கட்டும் சன்னலுக்கு முன்னால் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பக்கத்து வீட்டு நோரீனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பிறகுதான் அனுமதி கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா ரோலண்ட நல்லவனா காட்டாத. கெட்டவனாவும் காட்டாத" என்றாள். ரோலண்ட் அவள் கணவர். எழுபத்தாறு வயது, ஒஹாயோவில் ரயில்வே மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எந்த பாஷையில எழுதப் போற?"

"தமிழ்ல."

"அப்ப சரி. நம்ம தெருவுல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது."

(எனக்குத் தெரியும். மிச்சிகனில் முப்பது வருடம் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, கிடைக்கும் ஓய்வூதியத்தில் அங்கே வாடகை கொடுத்து மாளாது என்று மெக்சிகோவில் இந்த அஹிஹிக் ஏரிக்கரைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இனி என்னைப் பற்றி இல்லை.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அஹிஹிக்கில் ஜூலை மழை ஏரியின் மேல் இறங்கிக்கொண்டிருந்த அந்த" — நிறுத்திவிட்டேன். மழையால் இந்தக் கதையில் எதுவும் நடக்கவில்லை.

பிறகு: "இரண்டு பெண்கள், ஒரு ஆண்" — இதைப் படித்தால் நீங்கள் வேறு ஏதோ கதையை எதிர்பார்ப்பீர்கள். அதே தவறைத்தான் நோரீனும் ஒன்பது வருடம் செய்தாள் என்பதால் அதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

2. (மறுபடியும்)

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பணமெல்லாம் அமெரிக்க வங்கிகளில் இருக்கிறது. கணக்கைத் திறக்கும்போதெல்லாம் வங்கி ஆறு எண்களை ஒரு செல்பேசிக்கு அனுப்பும். அந்தச் செல்பேசி அமெரிக்காவில் இருக்க வேண்டும். மெக்சிகோ எண்ணை வங்கி ஏற்காது. ஆளாளுக்கு மகன், தங்கை, பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருடைய எண்ணையாவது கொடுத்து வைத்திருக்கிறோம்.

ரோலண்ட் கொடுத்தது வெர்னாவின் எண்ணை. வெர்னா அவருடைய முதல் மனைவி. ஒஹாயோவில், டொலீடோ நகரில் அதே வீடு, இருபது வருடமாக அதே எண். "மாறாத நம்பர் அவளோடது ஒண்ணுதான்" என்றாராம்.

மாதத்தின் முதல் தேதி ரோலண்ட் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். ஆறு எண்களைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து வினாடி. ரோலண்டுக்கு அரைமணி ஆகும். கீழே அடுக்களையில் நோரீன் பாத்திரங்களைக் கழுவும் சத்தம் என் வீடுவரை கேட்கும். கழுவுவது போலவே இருக்காது. ஒருநாள்கூட அவள் அவரிடம் கேட்கவில்லை. வெர்னாவோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

3.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரோலண்ட் காப்பிக் கோப்பையைக் கீழே போட்டார். பின்னாலேயே அவரும் விழுந்தார். இதயத் துடிப்பு முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. பக்கத்துப் பெருநகரமான குவாதலஹாராவின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த மருத்துவர் சின்னப் பெண். "இன்னிக்கே துடிப்புக் கருவி வெச்சாகணும்" என்றார். எங்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டினால் செல்லாது. முன்பணமாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேசோ கட்டச் சொன்னார்கள். என்னிடம் இருந்ததைச் சேர்த்தாலும் பாதிகூட வராது. ரோலண்ட், நோரீன் இருவரின் சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தது. அதை அட்டைக் கணக்குக்கு மாற்றினால் போதும்.

தள்ளுகட்டிலில் இருந்தபடி ரோலண்ட், "வெர்னாவக் கூப்பிடு" என்றார்.

நோரீன் என்னைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியில் வங்கிப் பக்கத்தைத் திறந்து, ரோலண்டின் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை எடுத்தார்கள்.

"என்ன ரோலண்ட், இன்னும் ஒண்ணாந்தேதி வரலியே."

"ரோலண்ட் இல்ல. நோரீன்."

[இங்கே ஒரு மௌனம் இருந்தது. "யுகம்போல நீண்ட" என்று எழுதி அடித்திருக்கிறேன். நான்கு வினாடி இருக்கும்.]

"போயிட்டாரா?"

"இல்லங்க. ஆஸ்பத்திரியில இருக்கார். உங்க போனுக்கு நம்பர் வரும், அத கொஞ்சம் சொல்லணும்."

"இருங்க" என்றாள் வெர்னா. ஏதோ இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம். பிறகு, "நாலு, ஏழு." மறுபடி அமைதி. "காதுல வெச்சா பாக்க முடியாது, பாத்தா பேச முடியாது. ரெண்டு ரெண்டாத்தான் சொல்லுவேன்."

நான்கு நிமிடத்தில் ஆறு எண்கள் வந்தன. தவறு என்றது வங்கி. புது எண் அனுப்பச் சொன்னோம். அதுவும் தவறு. இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"வெர்னா, வேணும்னே தப்பா சொல்றீங்களா?"

(இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி நோரீன் இரண்டு முறை கேட்டாள். எடுக்க முடியாது என்றேன்.)

வெர்னாவின் குரல் சின்னதாக வந்தது. "எனக்குக் கண்ணு தெரியலம்மா. ரெண்டு கண்ணுலயும் புரை. ரோலண்ட் சொல்லலியா?"

"இல்ல."

"பூதக்கண்ணாடி லென்ஸ் வெச்சுத்தான் படிப்பேன். ஒவ்வொரு மாசமும் அரைமணி நேரம் பாவம் அந்த மனுஷன் காத்துக்கிட்டு நிக்கறான். மூணு எது, எட்டு எதுன்னு தெரியாது. 'இடது பக்கம் திறந்திருக்கா, மூடியிருக்கா, பாத்து சொல்லு'ம்பான்."

நோரீன் கண்ணை மூடித் திறந்தாள். "வெர்னா, சன்னல் பக்கம் போங்க. அவசரமே இல்ல. மெதுவா பாருங்க."

அவசரம் இருந்தது. உள்ளே ஓர் இதயம் முப்பத்திரண்டில் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் நோரீன் கேட்டாள்: திறந்திருக்கா, மூடியிருக்கா? வெர்னா சொன்னாள்: திறந்திருக்கு. ஆறாவது எண்ணை நோரீன் தட்டும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கணக்கு திறந்தது.

அட்டை இயங்கியது. ரசீது வந்தது. நோரீன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒம்பது வருஷம்டி. எத்தன பாத்திரத்த நசுக்கியிருக்கேன். புரைக்காக."

போனில் வெர்னா இன்னும் இருந்தாள். "நோரீன், ஏதாச்சும் சாப்டியா நீ?"*

* ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்தான். எந்த இடத்தில் இவர்கள் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்தார்கள் என்று தமிழில் எழுதும் நான்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான்கு வரைவில் நான்கு இடம். கடைசியில் சாப்பாட்டுக்கு வந்து நின்றேன்.

4.

கருவி வைத்த மறுநாள் ரோலண்டின் துடிப்பு எழுபது. கன்னத்தில் நிறம் வந்திருந்தது. எனக்கு ரோலண்டின் மேல்தான் சந்தேகம். ஒரு கதாபாத்திரமாக அவரைச் சொல்கிறேன். இவ்வளவு எளிய விஷயத்தை ஒருவர் ஒன்பது வருடம் மறைப்பாரா? வாசகர் நம்புவாரா? அதே கேள்வியை நோரீனும் கேட்டாள், என்னைவிடச் சுருக்கமாக.

"ஏன் சொல்லல?"

"யார்ட்டயும் சொல்லாதன்னா. பையனுக்குத் தெரிஞ்சா கார் சாவிய வாங்கிடுவான், வீட்ட வித்துடுவான்னு பயம்."

"சரி. நான் பாத்திரத்தப் போட்டு ஒடச்சப்ப என்ன நெனச்ச?"

"மூட்டு வலின்னு நெனச்சேன்."

நோரீன் அவர் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: "போன்ல எழுத்தப் பெருசாக்கலாமே. ஒரு நிமிஷ வேல. நீ எலக்ட்ரீசியன்தான? அத அவளுக்குச் சொல்லிக்குடுத்திருக்கலாம்ல?"

ரோலண்ட் கண்ணை மூடிக்கொண்டார். மருந்தின் தூக்கம்

(மருந்தின் தூக்கம் என்று முடிக்கலாம். மருந்தின் தூக்கம் அல்ல என்றும் முடிக்கலாம். வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். நோரீனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் மூச்சு சீராக வருவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது அதுவே போதுமாக இருந்தது.)

5.

முடிவுக்கு மூன்று வரைவுகள் இருக்கின்றன. ஒன்றில் நோரீன் வெர்னாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறாள். அதன் பிறகு மாதாமாதம் பத்து வினாடிதான். நியாயமான முடிவு, ஆனால் அதில் ஒரு கிழவி டொலீடோவில் இன்னும் கொஞ்சம் தனியாகிறாள். இன்னொன்றில் சொல்லாமல் விடுகிறாள். அதில் கருணை இருக்கிறது. வங்கி இன்னொரு நாள் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. மூன்றாவதில் வெர்னாவின் மகனுக்குச் செய்தி போய்ப் புரை அறுவை நடக்கிறது. அதை எழுதும்போதே நோரீன் பிடுங்கிப் பார்த்து, "அவ யார்ட்டயும் சொல்லாதன்னாளே" என்றாள். படிக்கத் தெரியாதவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், நான்தான் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவள்.

ஆகஸ்ட் முதல் தேதி நடந்தது மட்டும் எனக்குத் தெரியும். ரோலண்ட் மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நோரீன் ஏறினாள். நான் என் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள், போனைக் காதில் வைத்தாள்.

"வெர்னா, நான்தான். லென்ஸ எடுத்துட்டு வந்து உக்காரு."

கூடையில் இன்னும் பாதித் துணி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கிவிட்டேன். நீங்கள் இருந்து கேளுங்கள்.